ஒம்பதுல எது, டீச்சர்?

"ஒம்பதுல எதை எடுக்கட்டும், டீச்சர்?"

பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்து வந்த சங்கரலிங்கம், கொடுத்த தண்ணீரைக்கூட வாயில் வைக்காமல் இப்படித்தான் கேட்டார்.

எஸ்தர் டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"முதல்ல உக்காருங்க, சார். தண்ணியைக் குடிங்க. ஒம்பதும் எங்கயும் ஓடிறாது."

உட்கார்ந்தார். குடித்தார். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மணப்பாட்டில், கடலைப் பார்த்த சின்ன வீடு அது. இணையதளம் கட்டுவதற்கென்று பலர் கூடிச் செய்து பொதுவில் வைத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அப்படி ஒன்றைச் செய்த கூட்டத்தில் வெகுகாலம் இருந்தவர் எஸ்தர். எந்த ஊரிலிருந்தோ முகம் தெரியாத யாரோ கேட்கும் சந்தேகத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதியே இளமையைக் கழித்தவர் என்பார்கள்.

எதை எடுக்கலாம் என்று கேட்டுப் போனவர்களுக்கு அவர் ஒரு பேரும் சொன்னதில்லையாம். ஆனால் போனவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

சங்கரலிங்கத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். டீச்சர் என்று கூப்பிட முதலில் நாக்கு கூசியது. ஊரே அப்படிக் கூப்பிட்டதால் அவருக்கும் வந்துவிட்டது.

"தளம் யாருக்கு, சார்?"

"தசைச்சிதைவு நோய் வந்த பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு. எப்படித் தூக்கணும், எப்படித் திருப்பிப் போடணும், சளி கட்டினா என்ன செய்யணும்னு, பட்டவங்க சொல்லுவாங்க, புதுசா வர்றவங்க படிப்பாங்க. டாக்டர் நோய்க்குப் பேர் சொன்ன அன்னைக்கு அவங்களுக்கு ஒண்ணுமே ஓடாதுல்லா? அன்னைக்கு வந்து படிப்பாங்க."

"இப்ப அது எங்க இருக்கு?"

"ஒரு கம்பெனி இடத்துல. அவங்க கடையைச் சாத்துதாங்க. மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாக்கலைன்னா, நானூறு குறிப்பு இருக்கு டீச்சர், அத்தனையும் போயிரும்."

"உங்க பிள்ளைக்கு இருக்கா, சார்?"

"இருந்தது."

டீச்சரின் விரல் கீரைக்காம்பில் நின்றது. பிறகு ஆய ஆரம்பித்தது.

"காட்டுங்க, ஒம்பதையும்."

சங்கரலிங்கம் உற்சாகமானார். ஒன்பது மென்பொருள்களையும் அவர் தன் லேப்டாப்பில் நிறுவி வைத்திருந்தார். வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் என்று ஊரறிந்த மூன்று. தேடிக் கண்டுபிடித்த ஆறு. எது வேகம், எது அழகு, எது பாதுகாப்பு, எதற்கு எத்தனை ஆயத்தப் பக்க வடிவங்கள் கிடைக்கும் என்று ஓர் அட்டவணை. நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு.

டீச்சர் அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தா ஒரு மாடு தப்பியிருக்காது போல. எல்லாத்தையும் பல்லைப் பிடிச்சுப் பாத்திருக்கீங்க."

"ஒவ்வொண்ணுலயும் ஒரு சிவப்பாவது இருக்கு, டீச்சர். அதான் குழப்பம்."

"இதுக்குள்ள எல்லாம் என்ன போட்டுப் பாத்தீங்க?"

அவர் ஒன்றைத் திறந்து காட்டினார். திரையில் இப்படி இருந்தது: இது ஒரு மாதிரித் தலைப்பு. இது ஒரு மாதிரிப் பத்தி. இது ஒரு மாதிரிப் பத்தி. இது ஒரு மாதிரிப் பத்தி.

தளம் கட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பக்கம் எப்படி உட்காருகிறது என்று பார்க்க, அர்த்தமில்லாத சொற்களைக் கொட்டி நிரப்புவார்கள். ஒன்பதிலும் அவர் அதையே கொட்டியிருந்தார்.

"ஒரு நிஜக் குறிப்புகூடப் போடலையா?"

"எதை எடுக்கப் போறோம்னே தெரியலையே. அதுக்குள்ள எதுக்குன்னு..."

டீச்சர் கீரைக்காம்புகளை ஒதுக்கித் தள்ளினார்.

"இப்ப இருக்கிற இடத்துல இருந்து நானூறையும் எப்படி எடுக்குதீங்க?"

"ஒண்ணொண்ணாக் கையாலதான். மொத்தமா வெளிய எடுக்க அவங்க வழியே வைக்கலை."

"இந்த ஒம்பதுல?"

"உள்ள போடுறது ஒம்பதுலயும் சுலபம், டீச்சர்."

"நான் உள்ள போடுறதைக் கேக்கலை."

சங்கரலிங்கம் அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்தார். வேகம் இருந்தது. அழகு இருந்தது. வெளியே வரும் வழி என்று ஒரு கட்டமே இல்லை. கதவு வைக்காத வீட்டில் இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிற ஆள், அடுத்த வீட்டைப் பார்க்கும்போதும் சுவரின் வண்ணத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

லேப்டாப்பை மெல்ல மூடினார்.

டீச்சர் ஆய்ந்த கீரையில் பாதியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

"அடுத்த தடவை வரும்போது ஒரு குறிப்பாவது உள்ள போட்டுக் கொண்டாங்க. நிஜக் குறிப்பு."

"அப்போ எதுன்னு..."

"உப்புக் காத்துக்கு முன்னாடி கிளம்பிருங்க, சார். லேப்டாப்புக்கு ஆகாது."

---

பாளையங்கோட்டையில் அவர் மனைவி கோமதி கீரையை வாங்கி உள்ளே வைத்தாள்.

"என்ன சொன்னாங்க உங்க டீச்சர்?"

"ஒண்ணும் சொல்லலை."

"அதுக்கா காலைல முதல் பஸ்ஸைப் பிடிச்சி ஓடினீங்க? நம்ம கல்யாணத்துக்குக்கூட உங்க அப்பா இத்தனை ஜாதகம் பாக்கலை. மூணாவதாப் பாத்த என்னை முடிச்சிட்டாரு."

"அவரு அவசரப்பட்டுட்டாரு."

"அவரு அவசரப்படலைன்னா நீங்க இன்னைக்கும் பொண்ணுதான் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

அவர் சிரித்தார். பிறகு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

வெளியே வரும் வழி எது எதில் ஒழுங்காக இருக்கிறது என்று பார்த்தபோது ஒன்பது மூன்றானது. இவ்வளவு நாள் ஆகாதது ஒரே சாயங்காலத்தில் ஆகிவிட்டது.

சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு அடிதான். அதை எடுத்து வைக்கத் தயங்கினார். ஏன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் அருகே வந்தது மாதிரி இருந்தது. எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்தார்.

மகன் இருந்தபோது தொடங்கிய தளம் அது. மகன் போய் மூன்று வருடமாகிவிட்டது. தளம் இருந்தது. யாராவது கூப்பிடுவார்கள். யாராவது கேட்பார்கள். அவருக்கு வேலை இருந்தது.

---

இரண்டாம் முறை போனபோது டீச்சர் ஏணிமேல் நின்று ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்.

"வாசிங்க சார், காது சும்மாதான் இருக்கு."

சங்கரலிங்கம் கீழே நின்றபடி திரையைப் பார்த்து வாசித்தார்.

"இரவில் நோயாளியைத் திருப்புதல். நோயாளியை இரவு நேரத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபுறம் திருப்பிப் படுக்கவைத்தல் அவசியம். இதனால் படுக்கைப்புண் தவிர்க்கப்படும்."

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு."

"யார் எழுதினது?"

"ஒரு அம்மா. ரெஜினான்னு பேரு. திசையன்விளையில பியூட்டி பார்லர் வெச்சிருக்காங்க. பையன் ஆல்வினுக்கு பதினாலு வயசு."

"பியூட்டி பார்லர்ல இப்படியா பேசுவாங்க? 'புருவத்தைச் சீராக்குதல் அவசியம்'னு?"

சங்கரலிங்கம் சிரிக்கவில்லை.

"அவங்க பேசித்தான் அனுப்புவாங்க, டீச்சர். எல்லாருமே போன்ல பேசி அனுப்புவாங்க. நான் கேட்டு, திருத்தி, நல்ல தமிழ்ல போடுவேன். எட்டு வருஷமா அப்படித்தான்."

"நானூறும்?"

"நானூறும்."

"பேசினது இருக்கா?"

இருந்தது. அவர் எதையும் அழிப்பதில்லை. தேடி எடுத்து ஓடவிட்டார். பெரிய குரல். பின்னால் ஹேர் டிரையரின் இரைச்சல்.

"அண்ணாச்சி, ரெஜினா பேசுதேன். ராத்திரி பிள்ளையைத் திருப்பிப் போடுதோம்லா, அதைப் பத்தி. தூங்குதான்னு நெனைச்சி சொல்லாமத் திருப்பிராதீங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லுங்க. அவன் முழிச்சிதான் கெடப்பான். நம்மள எழுப்பக்கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டு கெடப்பான். எனக்கு இது ரொம்ப நாள் கழிச்சித்தான் தெரிஞ்சிச்சி. இப்ப நான் தலையைத் தடவிட்டு, 'எல, கள்ளா, திருப்பட்டுமா'ன்னு கேப்பேன். சிரிச்சிருவான். சிரிச்சா உடம்பு லேசாயிருது, திருப்ப சுலபமா இருக்கு. அவ்வளவுதான் அண்ணாச்சி, கஸ்டமர் காத்துக்கிட்டு இருக்கு, வெக்கேன்."

டீச்சர் ஏணியின் மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையில் ஓடு இருந்தது.

கடல் இரண்டு மூன்று முறை வந்து போனது.

"சார்."

"டீச்சர்."

"இப்ப உங்க கையில ரெண்டு குறிப்பு இருக்கு. புது வீட்டுக்கு எதைக் கொண்டு போகப் போறீங்க?"

"ஒரு முறை இருக்கணும்ல, டீச்சர். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினா படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

டீச்சர் ஓட்டை அதன் இடத்தில் செருகிவிட்டு இறங்கினார்.

"அடுத்த தடவை ரெஜினாவைக் கூட்டிட்டு வாங்க."

"அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே."

"தெரிஞ்சா எதுக்கு நான் கூப்பிடுதேன்?"

---

ரெஜினா பார்லரைப் பூட்டிவிட்டு, ஆல்வினைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வாசலில் டீச்சரைப் பார்த்ததும் முதலில் தலைமுடியைத்தான் பார்த்தாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தலைக்கு என்னதான் தேய்க்கீங்க? கடல் தண்ணியா?"

"ஏன், நல்லால்லையா?"

"தேங்காய் நாரு தோத்துச்சி. ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க, சும்மாவே செஞ்சி விடுதேன்."

சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து சங்கரலிங்கம் பார்த்ததில்லை.

மூன்று மென்பொருளிலும் ரெஜினாவுக்கென்று ஒரு நுழைவு அமைத்து வந்திருந்தார் சங்கரலிங்கம். லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதுல எதுக்கு? எனக்குப் போன்லதான் கை ஓடும்" என்றாள் ரெஜினா.

போனிலா? ஒன்பதில் ஒன்றையாவது தான் போனில் திறந்து பார்த்தோமா என்று சங்கரலிங்கம் யோசித்தார். படிக்க வருகிற தகப்பனும் தாயும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில்தானே படிக்கிறார்கள்?

முதல் மென்பொருள் ரெஜினாவின் போனில் திறந்தது. அவள் இங்கே தொட்டாள், அங்கே தொட்டாள்.

"எழுதுற இடம் எங்க அண்ணாச்சி?"

அவர் சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

எழுதும் இடத்தை ரெஜினாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்தாள்.

இரண்டாவது அவளிடம் கேள்வியாகக் கேட்டது. வகை என்ன, உட்பிரிவு என்ன, சுருக்கம் என்ன.

"என்ன இது, ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்ட மாதிரி! நான் வந்ததே ஒரு விசயம் சொல்ல. அதைச் சொல்லவே விட மாட்டேங்குது."

அதிலிருந்தும் வெளியே வந்தாள்.

மூன்றாவதில் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. அதில் கட்டைவிரல் வைத்து அடிக்க ஆரம்பித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. வெகுநேரம் ஆனது. டீச்சர் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"போட்டுட்டேன். போயிருச்சா?"

சங்கரலிங்கம் லேப்டாப்பில் பார்த்தார். வந்திருந்தது.

பிள்ளய சக்கர நாற்காலில வச்சி கல்யாண வீட்டுக்கு கூட்டிட்டு போனா எல்லாரும் நம்மட்ட தான் பேசுவாங்க புள்ளைட்ட பேச மாட்டாங்க. அவனுக்கு பேச தெரியும் அவன்ட்ட கேளுங்கனு சொல்லுங்க. நான் சொன்னேன். ஒரு பாட்டி அவன்ட்ட எந்த ஹீரோ புடிக்கும்னு கேட்டாங்க. வீடு வர பேசிட்டே வந்தான்.

ஒற்று இல்லை. காற்புள்ளி ஒன்றுகூட இல்லை. அவருடைய வலது கை தானாகவே விசைப்பலகைக்கு நீண்டது.

அந்தக் கையில் டீச்சர் ஒரு டம்ளரை வைத்தார். டீ கொதித்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ரெஜினா, நீ முன்னல்லாம் வாரம் ஒண்ணு அனுப்புவ. ஏன் நிறுத்திட்டம்மா?" என்றார் டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

"விடுங்க அண்ணாச்சி."

"சொல்லும்மா."

"ஆல்வின் படிச்சிட்டு, 'அம்மா, இது நீ சொன்னதில்லையே, யாரோ தாசில்தார் சொன்ன மாதிரி இருக்கே'ன்னான். அதுல நான் இல்லையாம். அவனும் இல்லையாம். அப்புறம் அனுப்பத் தோணலை."

சங்கரலிங்கம் டீயை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"உங்க மேல கோவம்லாம் இல்ல அண்ணாச்சி. எங்களுக்காக நீங்க எவ்வளவு செய்யுதீங்க!"

"அப்போ இதுதானா, டீச்சர்?" என்றார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

"என்னை ஏன் கேக்கீங்க? எழுதினவங்களைக் கேளுங்க."

"இதுதான்" என்றாள் ரெஜினா. "இது என்னை முட்டாளாக்கலை."

ஒன்பது, மூன்றாகி, ஒன்றாகிவிட்டது. முடிந்துவிட்டதா என்று பார்த்தால், டீச்சர் இன்னொன்று கேட்டார்.

"சாவி?"

தளத்தின் எல்லாக் கதவையும் திறக்கும் கடவுச்சொல்லைக் கேட்கிறார் என்று சங்கரலிங்கத்துக்குப் புரிந்தது.

"என்கிட்ட இருக்கு."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"ரெண்டு நாள்ல சரியாயிரும்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவும் இல்லை, கடுமையும் இல்லை. கூட்டாகச் செய்யும் மென்பொருள்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஒருவர் கையில் மட்டும் சாவி இருந்தால், அதை அந்த மென்பொருளின் நோய் என்பார்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இன்னொருவரைத் தேடி, கூட உட்காரவைத்து, மறு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். டீச்சரும் அப்படிக் கொடுத்துவிட்டு வந்தவர்தான். இதெல்லாம் சங்கரலிங்கமும் படித்திருந்தார்.

அமைப்புகள் பக்கத்தைத் திறந்தார். ரெஜினாவின் பெயருக்கு எதிரே 'எழுதுபவர்' என்று இருந்தது. அதை 'நிர்வாகி' என்று மாற்ற ஒரு சொடுக்கு போதும். விரல் அங்கேயே நின்றது.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, நான் எதையாவது உடைச்சிப் போட்டுருவேன்."

"உடைஞ்சா ஒட்டிக்கலாம்மா" என்றார். சொடுக்கினார்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மகன் போனபின் அவன் கட்டிலையும் சக்கர நாற்காலியையும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன அன்று கூடத்தில் நின்றது போலவே இருந்தது. எவ்வளவு பெரிய கூடம் என்று அன்றுதான் தெரிந்தது அவருக்கு.

"அப்போ எனக்கு இனிமே என்ன வேலை, டீச்சர்?"

டீச்சர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பின்னால வாங்க. நாயைக் குளிப்பாட்டணும்."

---

தோல் முழுக்கப் புண்ணாகி, தெருவில் கிடந்த நாய் அது. அந்த வாரம்தான் டீச்சர் தூக்கி வந்திருந்தார். பைப்படியில் கட்டியிருந்தார். மருந்துச் சோப்பைக் கண்டதும் அது முறுக்கிக்கொண்டு திமிறியது.

"ஒரு கை பிடிங்க, சார். நேத்து என்னால முடியலை."

சங்கரலிங்கம் பேன்ட்டை மடித்துவிட்டுக் குந்தினார்.

இடது கை நாயின் தாடைக்குக் கீழே போய்த் தாங்கியது. வலது உள்ளங்கை குவிந்து அதன் காதை மூடியது. டீச்சர் தண்ணீர் ஊற்றினார். நாய் திமிறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கையில் தலையைச் சாய்த்தது.

ரெஜினா பின்வாசலில் வந்து நின்றாள்.

"அதென்ன அண்ணாச்சி, காதைப் பொத்திக்கிட்டு?"

"தண்ணி உள்ள போயிரும்லா?"

"போனா உதறிட்டுப் போவுது."

"அவனால உதற முடியாதும்மா. கழுத்து நிக்காதுல்லா? உள்ள போன தண்ணி உள்ளயேதான் கெடக்கும். அதனால தலைக்கு ஊத்தும்போது உள்ளங்கையை இப்படிக் குவிச்சி மூடிக்கிடணும். விரலை விட்டு அடைக்கக்கூடாது, வலிக்கும். குளிச்சி முடிச்சதும் துண்டை நாலா மடிச்சிப் போட்டு, இந்தப் பக்கமா ஒருச்சாய்ச்சிப் படுக்க வைக்கணும். பொறவு அந்தப் பக்கம். அவசரப்படக்கூடாது. அவன் பாட்டுக் கேட்டுக்கிட்டு கெடப்பான். ஒரு பாட்டு முடிஞ்சா இந்தப் பக்கம், இன்னொரு பாட்டு முடிஞ்சா அந்தப் பக்கம். சில நாள் வேணும்னே, 'பாட்டு இன்னும் முடியலைப்பா'ன்னு..."

நிறுத்தினார்.

டீச்சர் கையில் செம்பு அப்படியே நின்றது. நாய் சங்கரலிங்கத்தின் முழங்கையை நக்கியது.

ரெஜினாவின் முகம் மாறியிருந்தது.

"ஆல்வினுக்கு ரெண்டு காதும் சீழு, அண்ணாச்சி. மருந்து விட்டா நிக்கும். திரும்ப வரும். ஏன் வருதுன்னே தெரியலை. ஞாயித்துக்கிழமை ஆனா நான்தான் நல்லா தேய்ச்சி, தலைக்கு ஊத்தி..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நம்ம தளத்துல போயிக் 'காது'ன்னு போட்டுத் தேடினேன். ஒண்ணும் வரலை."

சங்கரலிங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சோப்பு நுரை வடிந்துகொண்டிருந்தது.

நானூறு குறிப்புகள். நாகர்கோவிலிலிருந்து ஒரு தகப்பன், சாத்தான்குளத்திலிருந்து ஒரு தாய், பேர் தெரியாத ஊர்களிலிருந்து யார் யாரோ. அத்தனையும் அவர் கேட்டு, அடித்து, திருத்தி ஏற்றியவை. அவர் எழுதியது என்று அதில் ஒன்று இல்லை.

டீச்சர் அவர் கைகளின்மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். துண்டை நீட்டினார்.

"உள்ள போங்க, சார். நாய் இனிமே என்கிட்ட நிக்கும்."

---

சங்கரலிங்கம் லேப்டாப்பில் அந்த வெள்ளைக் கட்டத்தைத் திறந்தார். ரெஜினா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார். கோடு ஒன்று கட்டத்துக்குள் விட்டு விட்டுத் துடித்தது.

"எனக்கு எழுத வராதும்மா."

"ஊர்ப்பட்ட பேருக்கு எழுதினீங்க."

"அது வேற." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது. "அவன் போயிட்டான். போன பிள்ளையோட அப்பன் எழுதினா, இருக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மா படிச்சிட்டு பயந்துர மாட்டாங்களா? அதான் நான் எழுதலை. அதுக்காகத்தான்னு நினைச்சிக்கிட்டேன்."

ரெஜினா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணாச்சி, நாங்க என்ன, பயப்படாமலா இருக்கோம்? நீங்க எழுதாததுனால எங்களுக்கு அது தெரியாமலா இருக்கு? எங்களுக்குத் தெரியாதது அது இல்லை. அவன் எப்படி இருந்தான்னுதான் தெரியலை."

வெளியே டீச்சர் நாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க இருந்து ஆரம்பிக்க?" என்றார் சங்கரலிங்கம்.

"எட்டு வருசமா உங்கட்ட கேக்கணும்னு இருந்தேன். சங்கடப்படுவீங்களோன்னு விட்டுட்டேன்." அவள் அவர் தோளைத் தொட்டாள். "பையன் பேரு என்ன, அண்ணாச்சி?"

தலைப்புக்கென்று இருந்த இடத்துக்குக் கோட்டை நகர்த்தி, அவர் அடித்தார்.

ஆவுடையப்பன்.